இல்லத்து முன்விரியலாக்கி – ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசாங்கக் கோவை என்பனவே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. மக்கள் அன்றாடம் கையாண்ட கருவிகளும் சான்றுகளே என்பதைப் பொருளியலாளரும் சமூக வரலாற்றாசிரியரும் வற்புறுத்தி வந்துள்ளனர். ஏரும் தறியும் அச்சியந்திரமும் இவ்வகையில் ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் வீட்டு இசைக் கருவிகள் இன்னும் ஆர்வலரின் சேகரிப்புப் பொருள்களாகவே கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான ஸ்டீரியோ முன்விரியலாக்கி எவ்வாறு தோன்றியது, அதனை இன்று மீண்டும் இயக்க முற்படுவோர் எதனை அறிந்திருத்தல் வேண்டும், அவ்வறிவு வரலாற்று மாணவருக்கு எதனை உணர்த்துகிறது என்பவற்றை இக்கட்டுரை நோக்குகிறது.

நியூயோர்க்கைச் சேர்ந்த மராண்ஸ் நிறுவனம் 1958 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ‘மாதிரி 7’ என்னும் முன்விரியலாக்கியின் முகப்பில், பெரிய குமிழ்களுக்கு இடையே, மூன்று நிலைகளைக் கொண்ட சிறிய ஆளி ஒன்று உண்டு. ஒரு நிலை ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் பொது நியமத்துக்கு உரியது. மற்றொன்று கொலம்பியா நிறுவனத்தின் நெடுநேர இசைத்தட்டுக்கு உரியது. இன்னொன்று நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் பழைய தட்டுகளுக்கு உரியது. இன்று இவ்வாளியைக் காண்போர் பலர் அதனைத் தேவையற்ற அலங்காரம் என எண்ணுவர். உண்மையில் ஒரு தொழிற்றுறையின் முப்பது ஆண்டுக்கால முரண்பாடு அவ்வாளியினுள் உறைந்து கிடக்கிறது.

தவாளிப்பும் வளையியும்

முன்விரியலாக்கியின் தேவை இசைத்தட்டின் இயல்பிலிருந்தே எழுந்ததாகும். 1925 ஆம் ஆண்டில் மின்முறை ஒலிப்பதிவு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர், பாடகரின் குரல் ஒரு கொம்பினுட் சென்று ஊசியை நேரடியாக அசைத்தது. மின்முறையிலோ ஒலிவாங்கியும் விரியலாக்கியும் இடையே புகுந்தன. அதனால் தாழ்ந்த தொனிகளையும் பதிவு செய்யும் ஆற்றல் கிடைத்தது. ஆயின் ஆற்றலோடு ஒரு சிக்கலும் வந்தது. தாழ்ந்த மீடிறன்களை அவற்றின் இயல்பான வலிமையுடன் வெட்டினால் தவாளிப்பு மிக அகலமாக அசைந்து அடுத்த தவாளிப்பினுட் புகுந்துவிடும். உயர்ந்த மீடிறன்களோ மிகச் சிறிய அசைவுகளாகித் தட்டின் உராய்விரைச்சலினுள் மறைந்துவிடும்.

இதற்குப் பதிவு எந்திரவியலாளர் கண்ட வழி எளிமையானது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த தொனிகளைக் குறைத்தனர். காலப்போக்கில் உயர்ந்த தொனிகளைக் கூட்டவும் தொடங்கினர். அத்தட்டை வாசிக்கும்போது இதற்கு நேர்மாறாகச் செய்தால் ஒலி மீண்டும் சமநிலை பெறும். பதிவின்போது செய்யப்பட்ட இம்மாற்றத்தைக் காட்டும் கோடே பதிவு வளையி எனப்பட்டது. ஆகவே இசைத்தட்டு என்பது ஒலியின் நேர்ப்படி அன்று; குறியீட்டில் எழுதப்பட்ட ஓர் ஆவணம். குறியீட்டின் திறவுகோல் இன்றி அதனைச் சரியாக வாசித்தல் இயலாது.

இத்திறவுகோலை வைத்திருக்கும் பகுதியே முன்விரியலாக்கி. காந்த ஊசித்தலை தரும் மின்னழுத்தம் ஒரு சில மில்லி உவோற்று மாத்திரமே. முன்விரியலாக்கி அதனைப் பெருக்குகிறது. பதிவு வளையிக்கு எதிர்வளையியை இட்டுச் சமன்செய்கிறது. பின்னர் ஒலிபெருக்கியை இயக்கும் வலு விரியலாக்கிக்கு அனுப்புகிறது. இன்றைய நியமத்தின்படி 20 ஹேர்ட்ஸ் தொனிக்கும் 20,000 ஹேர்ட்ஸ் தொனிக்கும் இடையே வாசிப்பின்போது இடப்படும் வேறுபாடு ஏறத்தாழ 39 தெசிபெல் ஆகும். மின்னழுத்த விகிதத்தில் இது ஏறத்தாழ 90 மடங்கு. இத்துணைப் பெரிய திருத்தம் கேட்போருக்குத் தெரியாமலே ஒவ்வொரு தட்டிலும் நிகழ்கிறது.

நியமமின்மையின் காலம்

திறவுகோல் ஒன்றாக இருந்திருப்பின் மூன்று நிலை ஆளிக்குத் தேவை ஏற்பட்டிராது. 1948 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுத் தட்டை அதற்குப் போட்டியாக முன்வைத்தது. வேகத்தில் எழுந்த இப்போட்டியை வாங்குவோர் அனைவரும் அறிந்தனர். வளையியில் நிலவிய வேறுபாட்டை அறிந்தோர் மிகச் சிலரே.

கொலம்பியாவின் நெடுநேரத் தட்டு 10,000 ஹேர்ட்ஸில் 16 தெசிபெல் குறைப்பை வாசிப்போரிடம் எதிர்பார்த்தது. அமெரிக்க ஒலிப் பொறியியற் கழகம் 1951 இல் விதந்துரைத்த வளையி அதே மீடிறனில் 12 தெசிபெல் குறைப்பையே வேண்டியது. ஐரோப்பிய 78 சுற்றுத் தட்டுகள் பல உயர்தொனிகளைக் கூட்டாமலே வெட்டப்பட்டிருந்தன. பிரித்தானியாவின் டெக்கா நிறுவனமோ, போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியை இனங்காணும் பணியினின்றும் வளர்த்தெடுத்த தன் விரிந்த மீடிறன் பதிவு முறைக்குத் தனியான வழக்கைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தட்டே சிறந்தது எனப் பறைசாற்றியதேயன்றி, அதனை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதில் ஏனையவற்றோடு உடன்படவில்லை.

1954 இல் இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம், ஆர்.சி.ஏ. விக்டர் 1953 இற் கையாளத் தொடங்கிய வளையியைப் பொது நியமமாக ஏற்றது. அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஆர்.ஐ.ஏ.ஏ. என வழங்கலாயின. 50, 500, 2,122 ஹேர்ட்ஸ் ஆகிய மூன்று திருப்பங்களைக் கொண்ட இவ்வளையி 10,000 ஹேர்ட்ஸில் 13.7 தெசிபெல் குறைப்பை வேண்டுகிறது. நியமம் எதிர்காலத்துக்கு ஒழுங்கைத் தந்தது. ஆயின் அதுவரை வெட்டப்பட்டு வீடுகளிலும் நூலகங்களிலும் வானொலி நிலையங்களிலும் குவிந்திருந்த தட்டுகள் தத்தம் பழைய குறியீட்டிலேயே இருந்தன. அவற்றை எந்த ஆணையாலும் மாற்ற இயலாது.

கேட்போரின் கையிற் குமிழ்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இச்சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு கேட்போரின் கைக்கு வந்தது. 1947 இற் டி. ரி. என். வில்லியம்சன் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட விரியலாக்கிச் சுற்றும், 1952 இற் பீற்றர் பாக்சந்தோல் அதே இதழில் வெளியிட்ட தொனிக் கட்டுப்பாட்டுச் சுற்றும் வீட்டிலிருந்தே கருவி செய்ய விழைந்தோரைப் பெரிதும் கவர்ந்தன. ஆய்வுகூடத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த அறிவு இதழ்களின் வழியாகச் சாதாரண வாசகரை அடைந்தது. இது வீட்டு இசைக் கருவியின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் எனலாம்.

நியூயோர்க்கிற் சோல் மராண்ஸ் என்பார் தமது இல்லத்துக்கென ஒரு முன்விரியலாக்கியை உருவாக்கி, அதுவே பிறராலும் விரும்பப்பட, அதனைத் தொழிலாக ஆக்கினார். ‘ஓடியோ கொன்சலற்’ எனப் பெயர் பெற்ற அக்கருவியில் தாழ்தொனித் திருப்பத்துக்கு ஒன்றும் உயர்தொனிக் குறைப்புக்கு ஒன்றுமாக இரு தனித்தனிக் குமிழ்கள் இருந்தன. கேட்போர் தட்டின் உறையைப் பார்த்து, நிறுவனத்தை அறிந்து, இரண்டையும் பொருத்தமாக வைத்தல் வேண்டும். பிரித்தானியாவில் ஹண்டிங்டன் நகரிலிருந்து பீற்றர் வோக்கர் நடத்திய நிறுவனம் ‘குவாட்’ என்னும் பெயரிற் கருவிகளை வெளியிட்டது. அதன் கட்டுப்பாட்டலகில் அழுத்துபொத்தான்களைத் தனியாகவும் சேர்த்தும் அழுத்துவதன் மூலம் வெவ்வேறு வளையிகளைத் தெரிவு செய்யலாம். இரு கருவிகளும் வடிவத்தில் வேறுபட்டன, நோக்கத்தில் ஒன்றுபட்டன. கேட்போர் வெறும் நுகர்வோர் அல்லர், தீர்மானிக்க வல்லோர் என்பதே அந்நோக்கம்.

இருவழி ஒலியின் வருகை

இருவழி ஒலிக்கான அடிப்படைகளை அலன் புளூம்லைன் 1931 டிசம்பரிற் பதிவு செய்த பிரித்தானிய உரிமப் பத்திரத்திலேயே விளக்கியிருந்தார். ஒரே தவாளிப்பின் இரு சுவர்களில் இரு வழிகளைப் பொறிக்கலாம் என்பதும் அதில் அடங்கும். அவர் 1942 இற் போர் விமானமொன்றில் றேடார்க் கருவியைப் பரிசோதித்துக் கொண்டிருந்தவேளை நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். அவருடைய கருத்து வணிக வடிவம் பெறக் கால்நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1957 இல் வெஸ்ரெக்ஸ் நிறுவனம் செய்து காட்டிய 45 பாகைச் சுவர் முறையைத் தொழிற்றுறை ஏற்றுக்கொள்ள, 1958 இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தையைப் பரவலாக அடைந்தன.

ஒருவழிக் கருவி வைத்திருந்தோர் திடீரென இரண்டு முன்விரியலாக்கிகளை வேண்டினர். மராண்ஸ் நிறுவனம் முதலிற் செய்தது தற்காலிக ஏற்பாடே: இரண்டு கொன்சலற் கருவிகளை இணைக்கும் ‘மாதிரி 6’ என்னும் இடையலகை வெளியிட்டது. பின்னரே சிட்னி சிமித் வடிவமைத்த ‘மாதிரி 7’ வந்தது. ஆறு வால்வுகளைக் கொண்ட அக்கருவியில் இடவழிக்கும் வலவழிக்கும் தொனிக் குமிழ்கள் தனித்தனியே அமைந்தன. குவாட் நிறுவனத்தின் ‘22’ என்னும் ஸ்டீரியோ அலகு 1959 இல் வந்தது. ஆகவே முன்னர் குறிப்பிட்ட மூன்று நிலை ஆளி, நியமம் பிறந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர் வடிவமைக்கப்பட்ட கருவியில் இடம்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. புதிய ஸ்டீரியோத் தட்டுகளை வாங்குவோர் தம் பழைய தட்டுகளை எறிந்துவிடமாட்டார் என்பதை வடிவமைத்தோர் அறிந்திருந்தனர்.

இன்று அதனை இயக்குதல்

இத்தகைய கருவியை இன்று வீட்டில் நிறுவ முனைவோர் முதலில் அதன் முதுமையை மதித்தல் வேண்டும். பெட்டியைத் திறந்தவுடன் மின்னை இணைத்தல் தகாது. அறுபது ஆண்டுகளைக் கடந்த மின்பகு கொள்ளளவிகள் உலர்ந்திருக்கும். காகிதக் கொள்ளளவிகள் நேரோட்டத்தைக் கசியவிடும். அதனால் வால்வுகள் பிழையாக இயங்கும். வால்வுக் கருவியினுள் 250 உவோற்றுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் நிலவுவதுண்டு. ஆளியை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் உயிராபத்தான ஏற்றம் தங்கியிருக்கும். எனவே உட்பகுதியைச் சோதிப்பது பயிற்சி பெற்றோரின் பணியாகும். சோதித்தபின் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தக்கூடிய நிலைமாற்றி மூலம் முதன்முறை இயக்குதல் நன்று.

அடுத்து நோக்கவேண்டியது மின்வழங்கல். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கருவிகள் 117 உவோற்றை ஒட்டிய மின்னழுத்தத்துக்கு உரியவை. இலங்கை போன்று 230 உவோற்று வழங்கும் நாடுகளில் இடையே ஒரு நிலைமாற்றியை வைக்காது இணைத்தால் கருவி எரிந்துபோகும். குவாட் ‘22’ தனக்கென மின்வழங்கியைக் கொண்டதன்று. அதே நிறுவனத்தின் வலு விரியலாக்கியிடமிருந்து மின்னைப் பெறுமாறு அமைக்கப்பட்டது. அதனைத் தனியே வாங்குவோர் இவ்வுண்மையைப் பின்னரே அறிந்து இடர்ப்படுதல் உண்டு.

மூன்றாவது, வலு விரியலாக்கியுடனான பொருத்தம். பழைய முன்விரியலாக்கிகளின் வெளியீட்டில் ஒரு கொள்ளளவி இருக்கும். அதன் அளவு 0.5 மைக்கிரோபரட் எனவும், அடுத்த கருவியின் உள்ளீட்டுத் தடை 1 இலட்சம் ஓம் எனவும் கொண்டால், தாழ்தொனி குறையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 3 ஹேர்ட்ஸ் ஆகும், செவிக்கு இழப்பில்லை. உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் ஆக இருப்பின் அவ்வெல்லை 32 ஹேர்ட்ஸுக்கு உயரும். திரான்சிற்றர் விரியலாக்கிகள் சிலவற்றுடன் பழைய கருவியை இணைத்தோர் அதன் ஒலி மெலிந்தது எனக் குறைகூறுவதற்கு இதுவே காரணமாதல் கூடும். குற்றம் கருவியில் அன்று, இணைப்பில் உள்ளது. தொடர்ச்சியான முரலொலி கேட்குமாயின், கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் புவித்தொடுப்புப் பெற்றுள்ளனவா என ஆராய்தல் வேண்டும். நிறுத்தும்போது வலு விரியலாக்கியை முதலிலும் முன்விரியலாக்கியைப் பின்னரும் நிறுத்துவது ஒலிபெருக்கியைக் காக்கும்.

இவை அனைத்தும் முடிந்த பின்னரே உண்மையான பயன்பாடு தொடங்குகிறது. முதலில் ஊசித்தலையைத் தட்டுக்கு ஏற்பத் தெரிதல் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் அகன்ற தவாளிப்புக்கு நெடுநேரத் தட்டின் நுண்ணிய ஊசி பொருந்தாது. ஒருவழித் தட்டை ஸ்டீரியோ ஊசித்தலையால் வாசிக்கும்போது இரு வழிகளையும் ஒன்றுசேர்க்கும் நிலையில் ஆளியை வைத்தல் நன்று. ஒருவழித் தட்டில் இசை தவாளிப்பின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே உள்ளது. மேல்கீழ் அசைவு வெறும் இரைச்சலே. இரு வழிகளும் சேரும்போது அவ்விரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இறுதியாக, தட்டின் நிறுவனத்தையும் காலத்தையும் ஆராய்ந்து வளையியைத் தெரிவு செய்தல் வேண்டும்.

பிழையான வாசிப்பின் விளைவு

இவ்விறுதிப் படியைப் புறக்கணித்தால் நேர்வது யாது? உயர்தொனி கூட்டப்படாது வெட்டப்பட்ட 78 சுற்றுத் தட்டொன்றை ஆர்.ஐ.ஏ.ஏ. நிலையில் வாசித்தால் 5,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 8 தெசிபெலும் 10,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 14 தெசிபெலும் காரணமின்றிக் குறைகின்றன. பாடகரின் மெய்யெழுத்துகள் மழுங்குகின்றன. வயலினின் ஒளி மங்குகிறது. கேட்போர் “அக்காலப் பதிவு அவ்வளவே” எனத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். சிலவேளை “அவர் குரல் மந்தமானது” எனக் கலைஞரையே குறைத்து மதிப்பிடுகின்றனர். கொலம்பியாவின் தொடக்ககால நெடுநேரத் தட்டொன்றை அதே நிலையில் வாசித்தாலோ உயர்தொனி 2 தெசிபெலுக்கு மேலாக எஞ்சி, மென்மையாக வாசித்த இசைக்குழு கடுமையாக ஒலிக்கிறது. இரு தீர்ப்புகளும் தவறானவை. வாசிப்பவர் செய்த பிழை, மறைந்துபோன கலைஞர் மீது சுமத்தப்படுகிறது.

இங்குதான் இக்கருவியின் வரலாற்று முக்கியத்துவம் புலனாகிறது. 1960 களில் ஆர்.ஐ.ஏ.ஏ. முழு வெற்றி பெற்றது. பழைய தட்டுகளை வாங்குவோர் குறைந்தனர். வளையித் தெரிவு புதிய கருவிகளின் முகப்பிலிருந்து படிப்படியாக நீங்கியது. 1982 இற் குறுந்தட்டு வந்தது. அதன் கருவி தரும் 2 உவோற்று வெளியீட்டுக்கு ஊசித்தலைச் சுற்றே வேண்டியதில்லை. எளிமை வளர்ந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயின் அவ்வெளிமையோடு, தட்டு ஒரு குறியீடு என்ற உணர்வும் வீடுகளிலிருந்து மறைந்தது. திறவுகோல் ஒன்றே என நம்பும் தலைமுறைக்குப் பூட்டுகள் பல இருந்தன என்பது தெரியாது.

இதனாலேயே பழைய முன்விரியலாக்கியைப் புதுப்பிப்போர் ஒரு வரம்பைப் பேணுதல் வேண்டும். பழுதுற்ற கொள்ளளவியை மாற்றுதல் பாதுகாப்பு. சமன்செய்யும் சுற்றின் பெறுமானங்களைத் தம் செவிக்கு இனிமையாக மாற்றுதலோ சான்றைத் திருத்துதலாகும். ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவர் செல்லரித்த ஓலையைக் காக்கலாம். பாடத்தைத் தம் விருப்பப்படி மாற்றலாகாது. நீக்கிய பாகங்களைப் பேணி, செய்த மாற்றங்களைக் குறித்துவைத்தல் பின்வருவோருக்குச் செய்யும் கடமையாகும்.

மூலங்கள் தாமாகப் பேசுவதில்லை. அவை எவரால், எக்காலத்தில், எந்த வழக்கின்படி உருவாக்கப்பட்டன என வினவியே அவற்றை வாசித்தல் வேண்டும் என்பது வரலாற்று மாணவர் கற்கும் முதற்பாடம். அதே பாடத்தை ‘மாதிரி 7’ இன் முகப்பிலுள்ள சிறிய ஆளி தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு குடும்பத்தினருக்கும் கற்பித்தது. தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்து, நிறுவனத்தை அறிந்து, ஆளியை உரிய நிலைக்குத் தள்ளிய பின்னரே இசை தொடங்கியது. அச்செயலில் அடங்கிய சிறு தயக்கமே ஆராய்ச்சியின் தொடக்கம் எனக் கூறின் அது மிகையாகாது.